சிறுகோளும் பெயர்க்காரணமும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என வகுத்தனர் நம் இலக்கண நூலார். மண், மரம் என்பன இடுகுறி. பறத்தலாற் பறவை, நான்கு கால் உடைமையால் நாற்காலி என்பன காரணம். ஆண்டுதோறும் வகுப்பில் உரைக்கும் இப்பாடத்திற்கு வானத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது நம் திருகோணமலைக் கடலோடும் தொடர்புடையது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் 67ஆவதனை 1861இல் சென்னை வானாய்வு நிலையத்திலிருந்து போக்சன் என்பார் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பட்டமையால் அது ‘ஆசியா’ எனப்பட்டது. இன்று, ஒரு சிறுகோளின் பாதை ஐயமறத் துணியப்பட்ட பின்னரே அதற்கு எண் வழங்கப்படும். கண்டவர் பெயரை முன்மொழிவார். சர்வதேச வானியற் சங்கத்தின் குழு அதனை ஏற்றல் வேண்டும். பெயரோடு அதன் காரணமும் எழுதி வெளியிடப்படும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1981 மார்ச் 2ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வு நிலையத்திற் கண்டறியப்பட்ட 4923ஆம் சிறுகோளின் பெயர் ‘கிளார்க்’. விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரே அது. செய்மதிகள் வழியாகச் செய்தி பரப்பலாம் என 1945இலேயே எழுதியவர் அவர். அவர்தம் புகழ்பெற்ற நூலின் தலைப்பில் அமைந்த 2001 என்னும் எண்ணோ, ஐன்ஸ்டைன் பெயர் தாங்கிய சிறுகோளுக்கு முன்னரே உரியதாகிவிட்டது.

1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய கிளார்க், மைக் வில்சனோடு சுவாமிமலையடிக் கடலில் மூழ்கினார். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் அங்கே கிடந்தன. அவற்றைக் கண்டதை 1957இல் நூலாகவும் எழுதினார். 2008இல் அவர் மறைந்தார், எழுத்து நிற்கிறது.

உப்புவெளிக் கரையில் நின்று அச் சுவாமிமலையை நோக்குந்தோறும் ஒன்று தோன்றும். எங்கோ சுழலும் கல்லின் பெயர்க்காரணம் ஏட்டில் இருக்கிறது. நம்மூர்க் குளத்துக்கும், வயலுக்கும், ஒழுங்கைக்கும் உரிய பெயர்க்காரணமோ முதியோர் நாவில் மட்டும் இருக்கிறது. அவர் மறைந்தால் காரணப் பெயர் இடுகுறியாய்விடும். உப்புவெளி என்ற பெயரைப் பிரித்தால் உப்பும் வெளியும் தோன்றும். எந்த உப்பு, எந்த வெளி என்று எத்தனை மாணவர் கேட்டறிந்தனர்?

பழைய மாணவர்காள்! நும் ஊர்ப் பெயரொன்றின் காரணத்தைக் கேட்டறிந்து, சொன்னவர் பெயரோடு எழுதி வைமின். இளையோர்க்கு அது நல்ல பாடமாகும்.