நிறம் மாறிய பருந்தை நிழற்படத்தால் இனங்காணல்

வயல் வரம்பிலோ தோட்டத்து வேலி மரத்திலோ முன்னர் கண்டிராத நிறமுடைய பருந்தொன்று வந்து அமர்வதுண்டு. கபில நிற உடலில் வெள்ளையும் செம்மையும் திட்டுத் திட்டாய்க் கலந்திருக்கும். கோழிக்குஞ்சு தூக்க வந்த புதுப் பறவையென்று எண்ணி அதனைக் கல்லெறிந்து கொல்வோரும் உளர். ஆயின் அது பெரும்பாலும் ஊரில் நாள்தோறும் காணப்படும் செம்பருந்தின் இளம்பருவமேயாகும். நண்டு, தவளை, மீன், சிற்றெலி, செத்த பிராணி ஆகியவற்றை உண்ணும் இப்பறவையை அறியாமற் கொல்லுதல் கமக்காரருக்கே நட்டமாகும். கையடக்கத் தொலைபேசியால் படமெடுத்து இனங்காணும் முறை கீழே தரப்படுகின்றது.

நிறம் வேறுபடுவதற்குக் காரணங்கள்

1. வயது: வளர்ந்த செம்பருந்தின் தலையும் மார்பும் வெண்மை, ஏனைய உடல் செம்மை, சிறகு நுனி கருமை. இளம் பறவையோ முழுவதும் கபில நிறமுடையது. இறகுகள் படிப்படியாக மாறுங் காலத்தில் இரு நிறமும் கலந்து தோன்றும்.

2. நிறப்பொருட் குறைவு: சில பறவைகளின் இறகுகளில் கருநிறப் பொருள் சேராமையால் வெள்ளை இறகுகள் தோன்றும். இவற்றின் கண் இயல்பான நிறத்திலேயே இருக்கும். கண்ணும் சிவந்து உடல் முழுவதும் வெளுத்திருப்பது வேறொரு நிலை. அது மிக அரிது.

3. ஒளி: பறவைக்குப் பின்னால் வெயில் இருப்பின் எந்நிறமும் கருமையாகவே படத்திற் பதியும். கடும் வெயில் நேரே படின் கபில நிறமும் வெளிறித் தோன்றும்.

படமெடுக்கும் முறை

வெயில் எடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். ஒரு படம் போதாது. அமர்ந்த நிலையிலும் பறக்கும் நிலையிலும், கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பல படங்கள் எடுத்தல் நன்று. திகதி, இடம், பறவை செய்துகொண்டிருந்த செயல் என்பவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அருகில் காகம் போன்ற அறிந்த பறவை இருப்பின் அதனையும் படத்திற் சேர்த்துக்கொள்க. ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லாதவிடத்துப் படத்தைக்கொண்டு பருமனை மதிப்பிடலாகாது.

வடிவம் முதல், நிறம் கடைசி

நிறம் மாறினும் உடலமைப்பு மாறுவதில்லை. ஆதலின் வாலையும் சிறகையும் முதலிற் பார்த்தல் வேண்டும்.

செம்பருந்து: வால் நுனி வட்டமானது. இளம் பறவைக்கும் அவ்வாறே.

கரும்பருந்து: வால் நுனி நடுவிற் பிளவுபட்டது. வடபகுதியில் இது மிகுதியாக உண்டு. வாலை அகல விரிக்கும்போது பிளவு மறைந்து நேராகத் தோன்றும். இறகுதிர்க்குங் காலத்தும் வடிவம் பிறழலாம். ஒரே படத்தைக்கொண்டு முடிவு செய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

வல்லூறு: சிறகு குறுகி வட்டமானது, வால் நீண்டது. இளம் பறவையின் மார்பிற் கபிலக் கீறல்கள் நெடுக்காக ஓடும்.

சிறகின் கீழுள்ள வெளிறிய திட்டு இளஞ் செம்பருந்தில் தெளிவாகத் தெரியும். ஆயினும் கரும்பருந்திலும் அது ஓரளவு உண்டாதலின் அதனை மட்டும் நம்புதல் தவறு.

இனங்கண்ட பின்

வல்லூறு கோழிக்குஞ்சைத் தூக்குவதுண்டு. செம்பருந்தும் சில வேளை அவ்வாறு செய்யும். அதற்குப் பரிகாரம் கொலையன்று. குஞ்சுகளை வலை மூடிய கூட்டில் வளர்த்தலேயாம். பருந்தினங்கள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படுபவை. எலிக்கு நஞ்சு வைப்போர் செத்த எலிகளை உடனே ஆழப் புதைத்தல் வேண்டும். அவற்றை உண்ணும் பருந்தும் ஆந்தையும் அந்நஞ்சால் மடியும். எலி பிடிக்கும் பறவைகள் குறையின் எலி பெருகும். அந்நட்டம் கதிர் முற்றும் வேளையில் வயலிலேயே தெரியவரும்.