எழுத்து சென்று சேரும் இடம்

நுழையும்முன்

எழுதுவது ஒரு பணி. எழுதியதை உரியவரிடம் கொண்டுசேர்ப்பது மற்றொரு பணி. எத்தகைய மொழியில் எழுதுவது, எங்கே வெளியிடுவது, எத்தனை படிகள் அச்சிடுவது, விளம்பரத்தை எந்த அளவுக்கு ஏற்பது என்னும் வினாக்கள் எழுதுகோலை எடுக்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியும் வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பாவும் இவ்வினாக்களுக்கு நேரெதிரான விடைகளைக் கண்டனர். அவ்விடைகளின் வழியே படைப்பு, விளம்பரம், பதிப்பு ஆகியவற்றுக்கிடையேயான உறவை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லைப்புற மண்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூரு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நகரம் ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டையின் வரவுக்குப்பின் பேருந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் எனப் பலவற்றை உருவாக்கும் தொழிற்சாலைகள் இங்குப் பெருகின. பணி முடிந்து வெளிவரும் தொழிலாளர்களின் பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் கலந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

இந்நகருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். ஓசூரில் பள்ளிக்கல்வியும் பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பட்டக்கல்வியும் சென்னையில் சட்டக்கல்வியும் பெற்றார். சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். விடுதலைப் போராட்ட வீரர், சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், இந்தியாவின் தலைமை ஆளுநர் என்று வரலாறு அவரை அறியும். அவர் இறுதிக்காலம் வரை எழுதிய எழுத்தாளர் என்பதும் அதே அளவு உண்மை. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாகப் போற்றப்படுகிறது.

திண்ணைக்கு வந்த அறிவியல்

ஆங்கிலம் கற்றவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதுவதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. தமிழில் அறிவியலை எழுத இயலாது என்பது அன்றைய கற்றோர் பலரின் கருத்தாக இருந்தது. இக்கருத்தை வாதத்தால் மறுப்பதைவிடச் செயலால் மறுப்பதே தக்கது என்று இராஜாஜி கருதினார். 1916ஆம் ஆண்டு சேலத்தில் நண்பர்களுடன் சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்குவதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். வேதியியலைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயர் ‘திண்ணை ரசாயனம்’. தாவரங்களின் வாழ்வைப் பற்றி எழுதிய நூலின் பெயர் ‘தாவரங்களின் இல்லறம்’.

இப்பெயர்களே அவருடைய நோக்கத்தை உணர்த்துகின்றன. ஆய்வுக்கூடத்தில் இருந்த வேதியியல் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறது; மகரந்தமும் சூலும் இல்லறம் என்னும் பழகிய சொல்லால் விளங்குகின்றன. படிப்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு தெரியாத ஒன்றுக்கு அழைத்துச்செல்வது அவர் முறை. இம்முறையில் எளிமை என்பது பொருளைக் குறைத்துச் சொல்வதன்று. பொருளுக்கும் படிப்பவருக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதாகும்.

நோக்கத்திற்காக ஓர் இதழ்

1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை இராஜாஜி நிறுவினார். சுற்றுப்புறச் சிற்றூர்களில் உழைப்பவரின் கூலி கள்ளுக்கடைக்குச் செல்வதை அவர் நேரில் கண்டார். மதுவின் கேட்டை மேடைகளில் மட்டும் பேசினால் போதாது என்று எண்ணி, 1929இல் ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கல்கி அவ்விதழில் அவருக்குத் துணைநின்றார். படங்களும் கதைகளும் நிறைந்த அவ்விதழ் மதுவிலக்கு என்னும் ஒரே நோக்கத்திற்காக நடத்தப்பட்டது. சில இதழ்களே வெளிவந்தன எனினும், ஒரு கருத்தை எளிய மக்களிடம் கொண்டுசேர்க்கக் கதையும் படமும் எவ்வளவு வலிமை உடையவை என்பதை அது காட்டியது.

குடியால் சிதையும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றி இராஜாஜி எழுதிய கதை ‘திக்கற்ற பார்வதி’. சட்டம் இயற்றும் பொறுப்பு கிடைத்தபோது அவர் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் தம் சொந்த மாவட்டமான சேலத்தில்தான். எழுத்தில் கேட்டதைப் பதவியில் செய்துகாட்டிய அந்நிகழ்வு 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடந்தது.

தெரிந்து தெளிவோம்

இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகள் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ‘திக்கற்ற பார்வதி’ கதையைச் சிங்கீதம் சீனிவாசராவ் 1974இல் திரைப்படமாக இயக்கினார். அதன் படப்பிடிப்பு இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே நடைபெற்றது. தமிழின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதையும் அப்படம் பெற்றது.

வார இதழும் மலிவுப் பதிப்பும்

இராஜாஜியின் நூல்களுள் மிகுதியான மக்களைச் சென்றடைந்தவை மகாபாரதக் கதையைக் கூறும் ‘வியாசர் விருந்து’, இராமாயணக் கதையைக் கூறும் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ ஆகிய இரண்டுமாகும். இவ்விரண்டும் ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தன. 1954இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின்னர் அவர் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடரை எழுதலானார்.

வார இதழில் எழுதுவது நூல் எழுதுவதினின்று வேறுபட்டது. ஒவ்வொரு பகுதியும் குறித்த பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். சென்ற வாரம் படிக்கத் தவறியவருக்கும் விளங்க வேண்டும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டு மகிழும் நடையில் அமைய வேண்டும். இக்கட்டுப்பாடுகளை இராஜாஜி தடையாகக் கருதவில்லை. சிறிய தொடர்கள், பழகிய சொற்கள், இயலின் முடிவில் சுருக்கமானதொரு சிந்தனை என்று அவற்றைத் தம் நடையின் இயல்பாகவே ஆக்கிக்கொண்டார்.

அவருடைய மகாபாரதத்தின் ஆங்கில வடிவத்தைப் பாரதிய வித்யா பவன் 1951ஆம் ஆண்டு தன் மலிவுவிலை நூல்வரிசையின் முதல் நூலாக வெளியிட்டது. நடுத்தரக் குடும்பத்தினரும் மாணவரும் வாங்கக்கூடிய விலையில் அமைந்த அந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நாட்டின் உயர்பதவிகளை வகித்தவராயினும், மக்களுக்குத் தாம் செய்த தொண்டுகளுள் இவ்விரு கதைகளையும் எழுதியதே சிறந்தது என்று இராஜாஜி நம்பினார்.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

இராஜாஜியின் நூல்கள் பல்லாயிரம் இல்லங்களில் படிக்கப்பட்ட அதே காலத்தில், சி.சு. செல்லப்பா முற்றிலும் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ‘மணிக்கொடி’ மரபில் வளர்ந்தவர். ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலைப் படைத்தவர். பெருவாரியான விற்பனையை நாடும் இதழ்கள், வாசகரின் விருப்பத்துக்கேற்ப எழுத்தை வளைத்துவிடுகின்றன என்பது அவர் கவலை. புதிய முயற்சிகளுக்கும் கண்டிப்பான திறனாய்வுக்கும் அவ்விதழ்களில் இடமில்லை என்பதை உணர்ந்து, 1959ஆம் ஆண்டு சனவரியில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார்.

இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை. கடைகளில் விற்பனைக்கு வைப்பதில்லை என்பன அவ்விதழ் தனக்கு வகுத்துக்கொண்ட வரம்புகளாகும். இதழ் நடத்துவோர் அனைவரும் விற்பனையைப் பெருக்க வழிதேடும்போது, அவர் விற்பனைக்கு எல்லை வகுத்தார். ந. பிச்சமூர்த்தி உள்ளிட்டோரின் புதுக்கவிதைகள் அவ்விதழில் வெளிவந்தன. ஈழத்துத் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். வெங்கட் சாமிநாதனின் திறனாய்வுக் கட்டுரைகள் இடம்பெற்றன. 1962இல் வெளியான ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாயிற்று.

செல்லப்பா தம் நூல்களைத் தாமே பதிப்பித்தார். நூல்கட்டுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் நேரில் விற்றார். விளம்பரத்தை விரும்பாதவர், படிப்பவரைத் தேடிச்செல்வதற்குத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது. விடுதலைப் போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்ட ‘சுதந்திர தாகம்’ என்னும் பெருநாவலை மூன்று தொகுதிகளாக 1997இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது 2001ஆம் ஆண்டில். அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இரு வழிகளின் நிறையும் குறையும்

எளிமையை நாடியதால் இராஜாஜியின் கதைகளில் அறிவுரை மேலோங்கிக் கலைநயம் பின்தங்கும் இடங்கள் உண்டு என்பர் திறனாய்வாளர். அவருடைய எழுத்தை மக்கள் விரும்பிப் படித்ததில் அவர் நடைக்குப் பங்குண்டு; அவர் வகித்த பதவிகளால் விளைந்த புகழுக்கும் பங்குண்டு. புதிதாக எழுதவரும் ஒருவருக்கு அத்தகைய அறிமுகம் எளிதில் வாய்ப்பதில்லை.

செல்லப்பாவின் வழியிலும் இடர் இருந்தது. வரம்புக்குட்பட்ட வாசகரை நம்பிய இதழால் நெடுங்காலம் நிலைக்க இயலவில்லை. 1970இல் ‘எழுத்து’ நின்றது. பொருளிழப்பை அவர் ஒருவரே தாங்க நேர்ந்தது. ஆயினும், அவ்விதழ் வளர்த்த கவிதை வடிவம் இன்று பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. சிலருக்காக எழுதப்பட்டது காலப்போக்கில் பலருக்கு உரியதாயிற்று.

இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தவர்களாகத் தோன்றினாலும் ஒன்றில் ஒத்திருந்தனர். எதை எழுதுவது என்பதை விளம்பரம் முடிவுசெய்ய இருவரும் இடமளிக்கவில்லை. இராஜாஜி தம் வாசகர் யார் என்பதை முதலில் தீர்மானித்தார். அதற்கேற்ற மொழியும் இதழும் விலையும் பின்னர் அமைந்தன. செல்லப்பா தம் எழுத்தின் தரம் எது என்பதை முதலில் தீர்மானித்தார். அதற்கேற்ற வாசகர் பின்னர் வந்தனர். முன்னவருக்கு வார இதழும், பின்னவருக்குத் தோள்சுமையும் எழுத்தைக் கொண்டுசெல்லும் ஊர்திகளாயின. ஊர்தி எதுவாயினும் செல்லும் இடத்தைத் தீர்மானித்தவர் எழுத்தாளரே.

இன்றைய எழுத்தும் இளையோரும்

இன்று எழுதியதை வெளியிட அச்சகம் தேவையில்லை. இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஓசூர் இளைஞர் ஒருவர், பேருந்தில் அமர்ந்தபடியே தம் கவிதையைக் கைப்பேசி வழியே உலகின் முன் வைக்கலாம். அடுத்த நொடியே விருப்பக்குறிகளின் எண்ணிக்கையும் கண்முன் தோன்றும். வெளியீடு எளிதான இக்காலத்தில் எழுத்தாளரின் தேர்வு முன்னினும் கடினமாகியுள்ளது. நேற்று மிகுதியான பாராட்டைப் பெற்றதைப் போன்ற ஒன்றையே இன்றும் எழுதத் தூண்டும் ஆசை வலிமையானது. அவ்வாசைக்கு ஆட்படும்போது எழுதுபவரின் இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்துவிடுகிறது.

எல்லைப்புற மக்களின் வாழ்வில் எழுதப்பட வேண்டியவை ஏராளம். இராகி விளைந்த நிலத்தில் எழுந்த ஆலை, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசும் சிறுவன், ஒப்பந்தப் பணிக்காகத் தொலைவிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெண் என ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உள்ளது. அக்கதையைப் பல்லாயிரவருக்குச் சொல்வதா, இருபது பேர் கூடும் வாசகர் வட்டத்தில் படிப்பதா என்பது எழுதுபவரின் உரிமை. இரண்டும் மதிப்புடையவையே. ஆனால், யாருக்காக எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்னும் வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே வெளியீட்டைப் பற்றி எண்ண வேண்டும். இவ்வரிசை மாறாதிருக்கும்வரை எழுத்து தன் இயல்பை இழப்பதில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வாழும் எழுத்தாளர் அல்லது கதைசொல்லி ஒருவரைச் சந்தித்து, அவர் தம் படைப்பை வெளியிட்ட முறையைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
2. நீங்கள் அறிந்த அறிவியல் செய்தி ஒன்றைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு விளங்கும் வகையில் ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘படைப்புக்கு விளம்பரம் தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.
1. இராஜாஜி 1929இல் தொடங்கிய ‘விமோசனம்’ இதழின் நோக்கம்
அ) அறிவியல் வளர்ச்சி ஆ) மதுவிலக்கு இ) புதுக்கவிதை ஈ) நாடகக்கலை

குறுவினா
1. ‘திண்ணை ரசாயனம்’ என்னும் பெயர் உணர்த்தும் கருத்து யாது?
2. ‘எழுத்து’ இதழ் தனக்கு வகுத்துக்கொண்ட வரம்புகள் யாவை?

சிறுவினா
1. வார இதழில் எழுதுவதன் கட்டுப்பாடுகளை இராஜாஜி எவ்வாறு தம் நடையாக்கிக்கொண்டார்?
2. இராஜாஜி, செல்லப்பா ஆகிய இருவரின் வழிகளிலும் காணப்படும் குறைகளைச் சுட்டுக.

நெடுவினா
1. பதிப்பு, விளம்பரம் ஆகியவை குறித்த இருவேறு அணுகுமுறைகளை ஒப்பிட்டு, உங்கள் எழுத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழியைக் காரணத்துடன் விளக்குக.