பொலிசாரின் பொறுப்புக்கூறலும் குடிமக்களின் எதிர்ப்புரிமையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி



அடிப்படை உரிமைகள் பற்றிய உறுப்புரை இலக்கங்களை உங்களிற் பலர் மனனம் செய்து பிழையின்றி எழுதிவிடுவீர்கள். ஆனால் “உரிமை மீறப்பட்டால் குடிமகன் என்ன செய்யலாம்? உதாரணம் தந்து விளக்குக” என்று வினா வந்தால் பலரது விடை இரண்டு வரியுடன் நின்றுவிடுகிறது. அக்குறையைப் போக்கவே இப்பாடம்.

1. பொறுப்புக்கூறல் என்றால் என்ன?

பொலிசார் ஒருவரைக் கைது செய்யலாம், சோதனையிடலாம், தேவையான அளவுக்குப் பலத்தைப் பிரயோகிக்கலாம். இந்த அதிகாரங்களைச் சட்டம் அவர்களுக்கு வழங்கியுள்ளது. அவற்றை எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்று விளக்கமளிப்பதற்கும், தவறிழைத்தால் சட்டத்தின் முன் நிற்பதற்கும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். இதுவே பொறுப்புக்கூறல் எனப்படும்.

பல இனத்தவர் வாழும் நாட்டில் இதன் முக்கியத்துவம் இன்னும் அதிகம். அதிகாரம் செலுத்துபவர் ஓர் இனத்தவராகவும் அதற்கு உட்படுபவர் வேறோர் இனத்தவராகவும் இருந்தால், ஒரு தனிமனிதரின் தவறுகூடத் தம் இனம் முழுவதற்கும் இழைக்கப்பட்ட அநீதியாக மக்களால் உணரப்படும். நேர்மையான விசாரணை நடைபெறாதவிடத்து அந்த உணர்வு மேலும் வலுப்பெறும்.

2. இரண்டு சம்பவங்கள்

(அ) மினியாபொலிஸ், அமெரிக்கா – 2020

2020 மே 25 அன்று ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பினத்தவரைக் கைது செய்த பொலிஸ் உத்தியோகத்தர் டெரெக் சோவின், அவரது கழுத்தின்மீது ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலால் அழுத்தினார். புளொயிட் உயிரிழந்தார். பொலிசாரின் முதல் அறிக்கை இதனை ஒரு மருத்துவச் சம்பவமாகவே குறிப்பிட்டது. அவ்விடத்தில் நின்ற 17 வயது மாணவி ஒருவர் தமது கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி உண்மையை வெளிப்படுத்தியது. அமெரிக்காவெங்கும் மக்கள் வீதிக்கு இறங்கினர். 2021 ஏப்ரலில் சோவின் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதே ஆண்டு யூனில் 22½ ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

(ஆ) குளப்பிட்டி, கொக்குவில் – 2016

2016 ஒக்டோபர் 20 இரவு, மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவர் இருவர் குளப்பிட்டிச் சந்தியருகே உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். முதலில் இது வீதி விபத்து என்றே கூறப்பட்டது. சடலப் பரிசோதனையிலேயே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தமை தெரியவந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். ஒக்டோபர் 25 அன்று வடமாகாணமெங்கும் ஹர்த்தால் அனுட்டிக்கப்பட்டது. எனினும் ஓராண்டு கடந்த பின்னரும் வழக்கு முடிவடையவில்லை.

இவ்விரண்டிலும் காணப்படும் ஒற்றுமைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• முதலில் வெளிவந்த விளக்கம் உண்மைக்குப் புறம்பாக இருந்தது.
• காணொளி, சடலப் பரிசோதனை என்னும் சான்றுகளே உண்மையை வெளிக்கொணர்ந்தன.
• பொதுமக்கள் எதிர்ப்பினால் விடயம் மூடிமறைக்கப்படாமல் நாடறியச் செய்யப்பட்டது.

வேறுபாடு ஒன்றும் உண்டு. முதலாவது வழக்கில் ஓராண்டுக்குள் தீர்ப்புக் கிடைத்தது. மற்றதில் அவ்வாறு நிகழவில்லை. கைது நடந்துவிட்டால் மட்டும் பொறுப்புக்கூறல் நிறைவேறிவிடாது. வழக்கு நியாயமான காலத்துள் முடிவடையவும் வேண்டும்.

3. நமது சட்டத்தில் உள்ள பாதுகாப்புகள் (1978 அரசியலமைப்பு)

• உறுப்புரை 11 – சித்திரவதைக்கு உட்படாதிருக்கும் உரிமை
• உறுப்புரை 12 – சட்டத்தின் முன் சமத்துவம். இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றால் பாரபட்சம் காட்டப்படாமை
• உறுப்புரை 13 – கைதுக்கான காரணத்தை அறியும் உரிமை. நீதிபதி முன் ஆஜர் செய்யப்படும் உரிமை
• உறுப்புரை 14 – பேச்சுச் சுதந்திரம், அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம்
• உறுப்புரை 126 – உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யும் வழி

1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை செய்வது ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2001 இல் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. அதன் அதிகாரம் 18 ஆவது (2010), 20 ஆவது (2020) திருத்தங்களால் குறைக்கப்பட்டது. 19 ஆவது (2015), 21 ஆவது (2022) திருத்தங்களால் மீண்டும் வலுப்படுத்தப்பட்டது. சுயாதீன ஆணைக்குழுக்களையும் நாம் விழிப்புடன் காக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. அமைதியான எதிர்ப்பு

ஊர்வலம் மட்டுமே எதிர்ப்பு அன்று. மேளம் தட்டி ஒலியெழுப்பி எதிர்ப்புத் தெரிவிப்பதும் பேச்சுச் சுதந்திரத்தினுள் அடங்கும் என 1993 இல் “ஜன கோஷா” வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வன்னியில் உங்கள் கண்முன்னே நடந்தவற்றையும் எழுதலாம். முல்லைத்தீவு, பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு 2017 சனவரி 31 முதல் முகாம் வாயிலில் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். பிள்ளைகளும் உடனிருந்தனர். மார்ச் 1 அன்று காணிகள் விடுவிக்கப்பட்டன. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கினர். ஆண்டுகள் பல கடந்தும் “எங்கள் பிள்ளைகள் எங்கே?” என்ற அவர்களது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அவர்களுள் பலர் விடையறியாமலே மறைந்துவிட்டனர்.

இவ்விரு போராட்டங்களும் நமக்கு உணர்த்துவது யாது? எதிர்ப்பு, கேள்வியை எழுப்பும். அதற்கு விடையளிக்க வேண்டியவை விசாரணை அமைப்புகளும் நீதிமன்றங்களுமே. இரண்டும் சேர்ந்தாலே நீதி கிடைக்கும்.

5. உரிமை மீறப்பட்டால் செய்யவேண்டியவை

1. திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல்.
2. காயம் இருப்பின் உடனே அரச வைத்தியசாலைக்குச் சென்று, காயம் ஏற்பட்ட விதத்தைக் கூறிப் பதிவு செய்வித்தல்.
3. முறைப்பாட்டைத் தமிழில் அளித்தல். விளங்காத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிடாதிருத்தல்.
4. மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் (வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு) தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும் முறையிடுதல்.
5. ஒரு மாதம் கடக்குமுன் சட்டத்தரணியை நாடுதல்.

கவனிக்க: ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. பலர் இதனை அறியாமலே வாய்ப்பை இழக்கின்றனர்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: “சனநாயக நாட்டில் பொலிசாரும் சட்டத்துக்கு உட்பட்டவர்களே.” விளக்குக.

விடைக் குறிப்பு: பொலிசாரின் அதிகாரம் சட்டத்தால் வழங்கப்பட்டது. ஆகவே அச்சட்டமே அதன் எல்லையையும் வகுக்கிறது. உறுப்புரை 11, 12, 13 ஆகியன குடிமக்களைப் பாதுகாக்கின்றன. மீறல் நிகழ்ந்தால் உறுப்புரை 126 இன்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். 2016 குளப்பிட்டிச் சம்பவத்தில் பொலிசார் ஐவர் கைதானமையும், 2021 இல் அமெரிக்காவில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் தண்டிக்கப்பட்டமையும் உதாரணங்களாகும்.

விடையில் ஓர் உரிமை, ஒரு நிறுவனம், ஓர் உதாரணம் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். “பொலிசார் கெட்டவர்கள்” என்றோ “இன்ன இனத்தவர் கொடியவர்கள்” என்றோ எழுதாதீர்கள். தவறு செய்தவரைத் தனியாளாக இனங்கண்டு சட்டத்தின் முன் நிறுத்துவதே பொறுப்புக்கூறல். ஓர் இனத்தையே குற்றஞ்சாட்டுவது நாம் எதிர்க்கும் இனவாதத்தின் மறுவடிவமாகும்.

பயிற்சி

1. பொறுப்புக்கூறலை வரையறுக்க.
2. சான்றுகளைப் பாதுகாப்பது ஏன் அவசியம்? ஓர் உதாரணம் தருக.
3. உமது பிரதேசத்தில் நடைபெற்ற அமைதியான எதிர்ப்பு ஒன்றின் கோரிக்கை, வழிமுறை, விளைவு ஆகியவற்றை எழுதுக.