பச்சிளங்குழந்தையின் மூச்சைக் காப்போம்

சோழநாட்டுத் திருக்கருகாவூரில் எழுந்தருளியிருக்கும் கர்ப்பரட்சாம்பிகை, கலைந்த கருவைக் குடத்தில் ஏந்திக் குழந்தையாக்கித் தந்தாள் என்பது தலபுராணம். கருவைக் காப்பது தெய்வப்பணி எனப் போற்றும் நாம், கருவிலேயே நேரும் ஒரு குறையைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் அதனை எளிமையாக விளக்க விரும்புகிறேன்.

குறை யாது?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவர் உதரவிதானம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் இது முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அது மூடாமல், பெரும்பாலும் இடப்பக்கத்தில், துவாரம் நின்றுவிடுகிறது. அதன் வழியே குடலும் இரைப்பையும், சில வேளைகளில் ஈரலும் நெஞ்சுக்குள் ஏறிவிடுகின்றன. இடமின்றி நுரையீரல் சிறுத்துப்போகிறது.

தாய் செய்த பாவமோ, கிரகணத்தின்போது வெளியே சென்றதோ இதற்குக் காரணமன்று. பெற்றவளைப் பழிப்பது தகாது.

அறியும் வழி

ஐந்தாம் மாதத்தில், அதாவது 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் பல குழந்தைகளின் குறை தெரிந்துவிடும். தெரியாமற் போனால், பிறந்தவுடன் மூச்சுத் திணறும். உடல் நீலம் பாயும். நெஞ்சு உப்பி வயிறு ஒட்டியிருக்கும். இருதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்கும். எக்ஸ்ரே உறுதிப்படுத்தும்.

சிகிச்சை

இக்குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்றை அழுத்தக்கூடாது. காற்று குடலை உப்பச் செய்து நுரையீரலை மேலும் நெருக்கும். மூச்சுக்குழலில் குழாய் செலுத்தி, சுவாசக் கருவியால் மென்மையாக மூச்சளிப்பார்கள். இரைப்பையில் சேரும் காற்றை மற்றொரு குழாய் வெளியேற்றும்.

1946-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு இவ்வறுவையை வெற்றியாகச் செய்தார். பின்னர் நெடுங்காலம் பிறந்தவுடன் அறுவை செய்வதே வழக்கமாயிருந்தது. ஆனால் உயிரைப் பறிப்பது துவாரத்தைவிட, வளராத நுரையீரலும் அதன் இரத்தக் குழாய்களில் ஏறும் அழுத்தமுமே என்பது பிறகு தெளிவாயிற்று. ஆகவே இன்று மூச்சும் இரத்த ஓட்டமும் சீராகும் வரை காத்திருந்தே அறுவை செய்கிறார்கள். சிறிய துவாரத்தைத் தைப்பார்கள். பெரியதைச் செயற்கை ஒட்டினால் மூடுவார்கள்.

நமது கடமை

தங்கா பத்து வட்டாரத்திலும் தோட்டப்புறங்களிலும் உள்ள கர்ப்பிணிகள் தாய்சேய் நலக் கிளினிக்கில் காலத்தோடு பதிந்து, ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். குறை தெரிந்தால், தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடக்க மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். கோலாலம்பூருக்குப் போகச் சொன்னால் தயங்காதீர்கள். பிறந்தபின் திணறும் குழந்தையை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட, தாயின் வயிற்றிலேயே அங்குக் கொண்டுசேர்ப்பது பாதுகாப்பானது.

கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய குழந்தை பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேரிடும். நாட்கூலியை இழந்து வெளியூரில் தங்கும் பெற்றோருக்குப் பயணச் செலவும் அறை வாடகையும் பெரும் சுமை. "பணமில்லை, பிறகு போகலாம்" என்று ஒரு குடும்பம் தள்ளிப்போடும் நிலை வரக்கூடாது. அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுக்கும் கரங்கள் இதற்கும் நீள்வதாக. அம்பிகையின் திருவருள் எல்லாக் குழந்தைகளையும் காக்கட்டும்.