முத்திரை பெற்ற மரம்

மரவாடியில் அடுக்கியிருக்கும் தேக்குப் பலகையைப் பார்த்தே அதன் வைரத்தை அறியலாம். ஆனால் அது முறையாகப் பேணப்பட்ட காட்டில் வளர்ந்ததா, களவாக வெட்டப்பட்டதா என்பதைப் பலகை சொல்லாது. அதைச் சொல்ல ஏற்பட்டதே வனச் சான்றிதழ் முறையாகும்.

1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக நாடுகள், காடுகளைக் காக்கத் தம்மைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ளவில்லை. அரசுகள் செய்யாததைச் சந்தையின் வழியே செய்யும் நோக்குடன் 1993-இல் எஃப்.எஸ்.சி. எனப்படும் ஃபாரஸ்ட் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில் தோன்றியது. சமூகம், சுற்றுச்சூழல், பொருளாதாரம் என்னும் மூன்று பிரிவினர்க்கும் அதன் பேரவையில் சம வாக்குரிமை உண்டு.

சான்று இருவகைப்படும். முதலாவது காட்டிற்கு உரியது. வளர்ச்சிக்கு மிஞ்சி வெட்டாமை, நீரோடைகளையும் அரிய உயிரினங்களையும் காத்தல், தொழிலாளர் நலம், காட்டை நம்பி வாழ்வோர் உரிமை ஆகியவற்றைத் தணிக்கையாளர் நேரில் ஆராய்வர். சான்று ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். எனினும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு.

இரண்டாவது, மரம் கைமாறும் வழிக்கு உரியது. அறுவை மில் முதல் நாற்காலி செய்யும் தொழிற்சாலை வரை, சான்று பெற்ற மரத்தைத் தனியே பிரித்துக் கணக்கு வைக்க வேண்டும். நூறு கன அடி வாங்கியவர் நூற்றைம்பது கன அடிக்கு முத்திரையிட்டால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இம்முறையின் வலிமையையும் மெலிவையும் ஜாவாத் தீவில் காணலாம். எஃப்.எஸ்.சி. தோன்றுமுன்பே, 1990-இல், ஸ்மார்ட்வுட் என்னும் திட்டம் அங்குள்ள பெரும் பெர்ஹுத்தானி என்ற அரசு நிறுவனத்தின் தேக்குக் காடுகளுக்குச் சான்று வழங்கியது. உலகின் முதல் வனச் சான்று அதுவே. 1998-இல் பொருளாதார வீழ்ச்சியும் ஆட்சி மாற்றமும் நேர்ந்தபோது தேக்கு மரங்கள் பெருமளவில் களவு போயின. 2001-இல் சான்று நிறுத்திவைக்கப்பட்டது. இதனை முறையின் தோல்வி என்பாரும் உளர். பறிக்க முடியாத சான்று வெறும் தாள் அன்றோ? பின்னாளில் அந்நிறுவனத்தின் சில கோட்டங்கள் மீண்டும் சான்று பெற்றன.

குறைகளும் இல்லாமல் இல்லை. தணிக்கைச் செலவு சிறு தோப்புக்காரர்க்குப் பெரும் பாரம். அவர்கள் குழுவாகச் சேர்ந்தே சான்று பெற முடிகிறது. சான்று பெற்ற காடுகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் உள்ளது. காடு விரைந்து அழியும் வெப்ப நாடுகளின் பங்கோ குறைவு.

மரம் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், வயதைக் கேட்கிறோம். ‘எந்தக் காட்டு மரம்?’ என்று வாங்குவோர் கேட்கும் வரையில்தான் முத்திரைக்கு மதிப்பு. அக்கேள்வியை நாமும் கேட்கப் பழகுவோமாக!