முத்திரை விழுந்தால் என்ன?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் அதிகாரி வேடம் வந்திருக்கிறது, வேடமும் பிடித்திருக்கிறது, ஆனால் 'சின்னத்திரை முகம்' என்று முத்திரை குத்திவிட்டால் அப்புறம் சினிமாக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். உங்கள் அம்மாவைக் கேட்டதற்கு, "மாமாதான் எந்நேரமும் படம் பார்க்கிறவன், அவனைக் கேள்" என்று என் பக்கம் தள்ளிவிட்டாளாம். நான் கேமரா முன்னால் நின்றவன் அல்ல. வெறும் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதியில்லை. முத்திரை விழுந்தே பெரிய ஆளான ஒரு நடிகரின் கதையைச் சொல்கிறேன். உனக்கு வேண்டியதை அதிலிருந்து நீயே எடுத்துக்கொள்.

பீட்டர் ஃபால்க் என்ற அமெரிக்க நடிகர். கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாக வந்து கொலைகாரர்களைத் துளைத்தெடுக்கும் லெஃப்டினன்ட் கொலம்போ. உன் வயதில் இருப்பவர்களுக்கு இணையத்தில் சுற்றும் துண்டுக் காட்சிகளில் பார்த்த முகமாக இருக்கலாம்.

1927 செப்டம்பர் 16-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் விழித்திரைப் புற்றுநோய் வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செயற்கைக் கண்தான். பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் தவறாக 'அவுட்' கொடுத்துவிட்டாராம். பையன் செயற்கைக் கண்ணைக் கழற்றி, 'இது எனக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் தேவைப்படும்' என்கிற தோரணையில் அவரிடம் நீட்டினானாம். இதை ஃபால்க்கே பேட்டியில் சொல்லிச் சிரித்திருக்கிறார். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில் ராணுவம் கண்ணைக் காரணம் காட்டிச் சேர்த்துக்கொள்ளவில்லை. வணிகக் கப்பலில் ஏறிச் சமையற்கட்டில் வேலை பார்த்தார். பிறகு படித்தார். 1953-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலை. அடுத்து கனெடிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில், அரசின் பட்ஜெட் அலுவலகத்தில் உத்தியோகம். எந்தத் துறையில் எப்படிச் செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் வேலை. தான் எப்பேர்ப்பட்ட திறமைசாலி என்றால், முதல் நாள் ஆபீஸ் கட்டடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பின்னாளில் தன்னையே கிண்டலடித்துக்கொண்டார்.

வேலையில் இருந்துகொண்டே உள்ளூர் அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்தார். வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் ஈவா லே கேலியன் நடத்திய வகுப்புக்கும் போனார். அந்த அம்மாள் அமெரிக்க நாடக மேடையின் பெரும்புள்ளி. தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு அது. இவர் தன்னையும் அப்படிக் காட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருந்தார். அடிக்கடி தாமதமாக வருவதைப் பார்த்த அவர் ஒருநாள் காரணம் கேட்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றார் ஃபால்க். அங்கே ஏது நாடகக் கொட்டகை, பிழைப்புக்கு என்ன செய்கிறாய் என்று அடுத்த கேள்வி. தான் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு அவர், அப்படியானால் நீ நடிகனாக வேண்டியவன்தான் என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாராம். ஃபால்க் ஊர் திரும்பியதும் ராஜினாமா கொடுத்தார். 1956-இல் நியூயார்க் வந்து சேர்ந்தபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இதில் ஒன்றைக் கவனி. அவர் வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு நடிப்பைத் தேடிப் போகவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தபோதே கற்றுக்கொண்டார். விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்ட பிறகுதான் விட்டார். உன் நண்பர்கள் யாராவது வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டால் இதைச் சொல்.

நியூயார்க்கில் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் மதுக்கடைப் பணியாளர் வேடம் கிடைத்தது. கதாநாயகன் ஜேசன் ரோபார்ட்ஸ். மேடையில் பெயர் கிடைத்தாலும் சினிமா கதவு திறக்கவில்லை. கொலம்பியா ஸ்டூடியோவில் சோதனைப் படப்பிடிப்பு நடத்திப் பார்த்தார்கள். இதே காசுக்கு இரண்டு கண்ணுள்ள நடிகனே கிடைப்பானே என்றாராம் அதன் தலைவர் ஹாரி கோன். சில வருஷம்தான். 1960-இல் வந்த 'மர்டர், இன்க்.' படத்தில் ஏப் ரெலிஸ் என்ற நிஜ ரவுடியின் வேடம். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த ஆண்டு ஃபிராங்க் காப்ராவின் 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்', மறுபடியும் பரிந்துரை. 1962-இல் தக்காளி லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவராக ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்து எம்மி விருதே வாங்கிவிட்டார். சினிமாவும் தொலைக்காட்சியும் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து அறைகள்தான்.

இனி கொலம்போ. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரட்டை எழுத்தாளர்களின் படைப்பு. ஃபால்க்குக்கு முன்னால் 1960-இல் தொலைக்காட்சியில் பெர்ட் ஃப்ரீடும், பிறகு மேடையில் தாமஸ் மிட்செல்லும் இதே வேடத்தைச் செய்திருந்தார்கள். 1968-இல் தொலைக்காட்சிப் படமாக எடுக்கும்போதும் பிங் கிராஸ்பியைத்தான் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். சுற்றி வந்த வேடம்தான் ஃபால்க்கிடம் வந்தது. ஆகவே, உனக்கு வந்திருக்கும் வேடத்துக்கு முதலில் வேறு யாரையோ கேட்டார்கள் என்று தெரிந்து முகம் சுளித்தாயே, அதை இன்றோடு விட்டுவிடு.

இந்தத் தொடரின் கட்டமைப்பே வினோதம். முதல் கால் மணியிலேயே கொலையாளி யார், எப்படிச் செய்தான் என்று நமக்குக் காட்டிவிடுவார்கள். யார் செய்தது என்ற ஆர்வம் அத்தோடு தீர்ந்துபோகும். மீதி நேரம் முழுக்க, இந்த ஆள் எப்படி மோப்பம் பிடிக்கிறான் என்று பார்ப்பதுதான் நம் வேலை. அதாவது பாரம் முழுவதும் நடிகர் தலையில். அதை அவர் எப்படிச் சுமந்தார் என்பதுதான் நீ படிக்க வேண்டிய பாடம்.

ஆடை அலங்காரப் பிரிவு கொடுத்த உடை பிடிக்காமல், வீட்டில் கிடந்த தன் சொந்த மழைக்கோட்டை எடுத்துவந்தார். நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது 15 டாலருக்கு வாங்கியது. யூனிவர்சல் ஸ்டூடியோவின் கார்க் கொட்டகையில் தானே தேடி, பெயிண்ட் மங்கிப்போன பழைய பெஜோ 403-ஐப் பிடித்தார். 1972-இல் கொலம்போவுக்கு ஒரு நாய் கொடுக்கலாம் என்றபோது, கோட்டும் காரும் சுருட்டும் போதாதா, இன்னொரு வித்தை எதற்கு என்று மறுத்தார். எழுந்து நிற்கவே சோம்பல்படும், எச்சில் வடியும் அந்தக் கிழட்டு பாசெட் நாயை நேரில் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று அவரே பார்த்துப் பார்த்து முடிவு செய்தார்.

இன்னொரு விஷயம். வாசல்வரை போய்விட்டு, நெற்றியில் கைவைத்துத் திரும்பி வந்து, 'இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்கணும்' என்பாரே, அது எப்படி வந்தது தெரியுமா? முதலில் மேடை நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி நீளம் போதவில்லை. கொலம்போ வெளியேறியாயிற்று. பக்கத்தை மறுபடி டைப் அடிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, அவரையே திரும்ப வரவழைத்தோம் என்று எழுத்தாளர்களே சொல்லியிருக்கிறார்கள். சோம்பலில் பிறந்த அந்த வரியை ஃபால்க் ஆயுதமாக்கினார். எதிராளி 'அப்பாடா' என்று மூச்சு விடும் நொடிவரை காத்திருந்து திரும்புவார். படப்பிடிப்பில் கூட நடிப்பவருக்குச் சொல்லாமலே பாக்கெட்டுகளைத் துழாவுவார், பென்சில் கேட்பார். எதிரே நிற்பவர் முகத்தில் தெரியும் எரிச்சல் பல சமயம் நிஜமானது.

ஒரு காட்சியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். 1971-இல் ஒளிபரப்பான 'மர்டர் பை தி புக்'. இயக்கியவர் அப்போது 24 வயதுப் பையன். பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கணவனுக்கு என்ன ஆனதோ என்று தவிக்கும் பெண்ணைக் கொலம்போ வீட்டில் கொண்டுவிடுகிறார். எனக்குச் சமையல் வராது, ஆம்லெட் மட்டும் பிரமாதமாகப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டு அவள் சமையலறையில் புகுந்துவிடுகிறார். முட்டையை உடைத்துக்கொண்டே, சாதாரணமாகப் பேசுவதுபோல விசாரிக்கிறார். அவளும் தன்னையறியாமல் பேசுகிறாள். அதட்டலும் இல்லை, நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து மிரட்டுவதும் இல்லை. ஆனால் விசாரணை நடந்து முடிந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரி என்றால் குரலை உயர்த்தி விறைப்பாக நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்தக் காட்சியை இரண்டு தடவை பார்.

முத்திரை விழுந்ததா? நன்றாகவே விழுந்தது. 1968-லிருந்து 2003 வரை மொத்தம் 69 கொலம்போ படங்கள். அந்த வேடத்துக்கு மட்டும் நான்கு எம்மி. தெருவில் போனால் யாரும் ஃபால்க் என்று கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயரையும் பணத்தையும் அவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று பார்.

ஜான் கேசவெட்டிஸ் அவருடைய நண்பர். ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் தயவில்லாமல் படமெடுத்த பிடிவாதக்காரர். மனநிலை தடுமாறும் ஓர் இல்லத்தரசியின் கதையை எடுக்க அவருக்கு எந்த ஸ்டூடியோவும் காசு தரவில்லை. கேசவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். ஃபால்க் தன் கையிலிருந்து ஐந்து லட்சம் டாலர் போட்டார். அதுதான் 1974-இல் வந்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்'. கேசவெட்டிஸின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் நாயகி; அவள் கணவனாக, கட்டுமானத் தொழிலாளி நிக்காக ஃபால்க். இரவு வேலை முடிந்து விடிகாலையில் கூட்டாளிகளை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிவருகிறான் நிக். மனைவி எல்லோருக்கும் ஸ்பகெட்டி சமைத்துப் போடுகிறாள். சிரிப்பும் பாட்டுமாகப் போகும் சாப்பாட்டு மேஜையில், அவள் கொஞ்சம் அதிகமாக ஒட்டிப் பழகியதும் நிக் போடும் ஒரே அதட்டலில் அத்தனை பேரும் உறைந்துபோகிறார்கள். மனைவிமேல் உயிரையே வைத்திருந்தும் எப்படி நடத்துவது என்று தெரியாத மனுஷன். கொலம்போவின் நிழல்கூட அதில் இல்லை. இயக்குநருக்கும் நாயகிக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1990-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அந்தப் படம் சேர்ந்தது. தொலைக்காட்சி தந்த காசு இல்லையென்றால் அந்தப் படம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

பிறகு 1987. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' எடுக்கிறார். சுவரால் பிரிந்து கிடந்த பெர்லின் நகரத்தில், மனிதர்களின் மனசைக் கேட்டபடி தேவதூதர்கள் திரிகிறார்கள். அதில் ஃபால்க்குக்குக் கொடுத்த வேடம், பீட்டர் ஃபால்க்! படத்தில் நடிக்க பெர்லினுக்கு வந்த அமெரிக்க நடிகர். வீதியில் பையன்கள் அவரைப் பார்த்துக் கொலம்போ என்கிறார்கள். அவரும் ஒரு காலத்தில் தேவதூதராக இருந்து மனிதரானவர் என்பது கதை. சாலையோரக் கடையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத தேவதூதரிடம் சூடான காப்பியின் சுகத்தையும், குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சுகத்தையும் சொல்கிறார். உலகமே அறிந்த முகம் ஒன்று வெண்டர்ஸுக்குத் தேவைப்பட்டது. நீ பயப்படுகிற அந்த முத்திரையே அங்கே வேடமாகிவிட்டது. ஓய்வு நேரத்தில் கரித்துண்டால் மனித உருவங்களை வரைவது ஃபால்க்கின் நிஜப் பழக்கம். அந்தப் படத்திலும் பக்கத்தில் இருப்பவர்களை வரைந்துகொண்டிருக்கிறார். அதே ஆண்டில் 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தில், காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்குக் கதை படித்துக்காட்டும் தாத்தாவாகவும் வந்தார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதே. சம்பளத்துக்காகவும், ஒரு பகுதியைத் தானே இயக்க வேண்டும் என்பதற்காகவும் ஸ்டூடியோவோடு மல்லுக்கு நின்று படப்பிடிப்புக்கே போகாமல் இருந்திருக்கிறார். ஒன்றை இயக்கியும் காட்டினார். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து, 2011 ஜூன் 23-இல், 83 வயதில் காலமானார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஃபால்க்குக்கு வாய்த்த ஒரு வசதியை மறந்துவிடக் கூடாது. கொலம்போ வாராவாரம் வந்த தொடர் அல்ல. வேறு தொடர்களோடு முறைவைத்துப் போட்டதால், வருஷத்துக்கு மிஞ்சிப் போனால் எட்டுப் படம். மிச்ச நாளில்தான் அவர் பிராட்வேயில் நாடகம் போட்டார், கேசவெட்டிஸோடு படம் பண்ணினார். நம் ஊர்த் தினசரித் தொடர் அப்படி இல்லை; ஆளையே விழுங்கிவிடும். அதனால் சின்னத்திரையா பெரிய திரையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்காரர்களிடம் மூன்றைக் கேள். மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட்? இடையில் வேறு படம், நாடகம் பண்ணத் தடை உண்டா? உடுப்பு, நடை, பேச்சு இவற்றில் உன் யோசனையைக் கேட்பார்களா? முதல் இரண்டுக்கும் ஒழுங்கான பதிலை எழுத்திலேயே தந்தால், தாராளமாக ஒப்புக்கொள். மூன்றாவதற்கு அவர்கள் மழுப்பினாலும் பரவாயில்லை. அந்த இடத்தை நீதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. உங்கள் அம்மாவுக்கு நான் தனியாகப் போன் பண்ணிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா