முதலாளியிடம் பேசும் முன்

அன்புள்ள கண்ணு,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எம்.எஸ்.டபிள்யூ.வில் படித்த தொழிலாளர் சட்டமெல்லாம் கைகொடுக்கும். முதலாளியோடு வேலை செய்வது எப்படி என்பதைத்தான் யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள்.

அந்த ஊர் முதலாளிகளில் பலர் கட்டிங் டேபிளில் நின்று மேலே வந்தவர்கள். ஓவர்லாக் மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். ‘என் ஆட்களைப் பற்றி நேற்று வந்த பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்ற எண்ணம் உள்ளூர இருக்கும். அதில் பாதி நியாயமும் உண்டு. பையரின் ஆடிட்டர் வரும்போது ஃபைலை எடுத்து நீட்டுகிற ஆள்தான் எச்.ஆர். என்று நினைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அதைப் பேசி மாற்ற முடியாது. முதல் மாதம் சீட்டில் உட்காராமல் லைனிலேயே சுற்று.

‘பணியாளர் விலகல் விகிதம்’ என்று சார்ட் போட்டுக் காட்டினால் அவர் போனை எடுத்துவிடுவார். அதையே இப்படிச் சொல்லிப் பார்: “மூணாவது லைன்ல நாலு டெய்லர் இன்னிக்கு வரலைங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா சரக்கு கப்பலுக்குச் சேராதுங்க, ஃபிளைட்லதான் அனுப்பணும்.” விமானக் கூலி யார் தலையில் விழும், அந்த ஆர்டரில் பிறகு என்ன மிஞ்சும் என்பதை நீ சொல்ல வேண்டியதில்லை. நாலு பேரும் ஏன் போனார்கள் என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டு போ. கூலியா, சூப்பர்வைசரின் வாயா, ஹாஸ்டல் சாப்பாடா? காரணம் கையில் இருந்தால் தீர்வுக்குப் பணம் கேட்பது சுலபம்.

ஒரு சங்கடம் கட்டாயம் வரும். லைனைப் பார்க்க வரும் முதலாளியிடம் பழைய ஆள் ஒருவர் தயங்கி நிற்பார். முதலாளியும் மனம் இளகி, “அடுத்த வாரத்திலிருந்து இருபது ரூபா சேத்துப் போடச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மறுநாள் காலை அதே வேலை பார்க்கும் அத்தனை பேரும் உன் மேஜை முன்னால் நிற்பார்கள். எல்லார் எதிரிலும் அவர் வார்த்தையை மறுத்துவிடாதே. அவர் தனியாக இருக்கும்போது போய், “கொடுக்க வேண்டாம்னு சொல்லலைங்க. ‘பார்த்துச் சொல்றேன்’னு மட்டும் சொல்லுங்க. கணக்கு நான் போட்டுக் கொண்டு வர்றேன், அறிவிக்கிறது நீங்களே” என்று சொல். நல்ல செய்தி அவர் வாயாலேயே வரட்டும். பெயர் அவருக்குப் போனால் உனக்கு நஷ்டமில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு; அவற்றைச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மணிக்கு 75 ரூபாய் என்றால் ஓவர்டைமுக்கு 150. பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகாரை விசாரிக்கும் குழு, 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும். குழு பரிந்துரைத்தால் முதலாளி 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், குற்றவாளி அவர் மச்சானாகவே இருந்தாலும். ஆடிட்டருக்கு ஒரு வருகைப் பதிவேடு, கம்பெனிக்கு ஒன்று என்று வைக்கச் சொன்னால், “இதுல என் கையெழுத்து விழாதுங்க” என்று பணிவாகச் சொல்லிவிடு. கோபப்படுவார். ஆடிட்டர் டெய்லர்களிடம் தனியாகவும் பேசுவார், பொய் வெளிப்பட்டால் ஆர்டரே போய்விடும் என்பதை நினைவுபடுத்து.

லைனில் யார் என்ன பேசினார்கள் என்று தினமும் கேட்கிற முதலாளிகளும் உண்டு. அந்த வேலைக்கு இறங்காதே. கோள் சொல்கிறாய் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் டெய்லர்கள் உன் எதிரில் வாய் திறக்க மாட்டார்கள். அதன்பின் முதலாளிக்குச் சொல்ல உன்னிடமும் எதுவும் இருக்காது. குறையைக் கொண்டுபோ, பெயரை விட்டுவிடு.

தீபாவளி போனஸ் பேச்சு தொடங்கும் முன்பே, வாரம் அரை மணி நேரம் உனக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேள். செவ்வாய்க்கிழமை நல்லது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பிறகு யார் திரும்பி வந்தார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பல முறை கேட்டும் அந்த அரை மணியைத் தராத முதலாளியிடம் காலம் தள்ளாதே. திருப்பூரில் கம்பெனிகளுக்கா பஞ்சம்?

அன்புடன்,
மாமா